வால் இல்லாத துணி

பக்தி உள்ளவன் மெக்கானிக் ஷெட்டுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தாராளமாகப் போகலாம். போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் ஜெபம் சொல்லலாம். ஜெபம் மனசிலிருந்து கைக்கு இறங்கினால்தான் ஆபத்து. எனக்கு ஒரு நாள் இறங்கிவிட்டது.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். (பத்தாவதுக்கும் போனேன். அது என்னை வைத்துக்கொள்ளவில்லை.) முத்தியால்பேட்டையில் வீடு. பழைய டீசல் வேன் ஒன்று சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, முதல் நன்மை, வேளாங்கண்ணி, திருப்பதி என்று எந்தச் சாமி கூப்பிட்டாலும் என் வேன் போகும். முன் கண்ணாடியில் மாதா படம், பின் கண்ணாடியில் மாதா பெயர், டேஷ்போர்டில் மாதா சுரூபம். எஞ்சினுக்கும் எனக்கும் நடுவில் மாதா இருக்கிறவரை ஒரு குறையும் வராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

சில வருஷங்களுக்கு முன் அந்த வேன் நீலப் புகை விட ஆரம்பித்தது. என் மனைவி பிலோமியின் தம்பி லூர்து மெக்கானிக். பானட்டைத் திறந்து, குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"டர்போ போச்சு மாமா. அச்சு ஆடுது. ஆயில குடிச்சிக்கினு இருக்கு."

டர்போ என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்பு. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை அதற்குள் ஒரு குட்டிக் காற்றாடியைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று நிறையப் போனால் டீசல் நன்றாக எரியும், வண்டிக்கு இழுவை கிடைக்கும். வீணாகப் போகிற புகையையே வேலை வாங்குகிற அந்த ஏற்பாட்டைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "எவன் கண்டுபிடிச்சானோ, நல்லா பூசை காண்றவனா இருப்பான்" என்றேன். லூர்து ஸ்பானரைத் தேடினான்.

இங்கே லூர்துவின் நிலைமையைச் சொல்ல வேண்டும். பதினொரு வருஷம் இன்னொருவர் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, ஐந்து மாசத்துக்கு முன்தான் சொந்தமாக ஷெட் போட்டிருந்தான். எங்கள் தெருக்கோடியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுப் பின்கட்டில். அவரைத் தெருவே 'மிசே' என்றுதான் கூப்பிடும். அந்த ஐந்து மாசத்தில் லூர்துவிடம் வந்ததெல்லாம் ஸ்கூட்டர் ஆயில் மாற்றுவதும், பஞ்சர் கடை எங்கே என்று வழி கேட்பதும்தான். மாசக் கடைசிக்குள் பெரிய வேலை ஒன்றும் வராவிட்டால் பழைய முதலாளியிடமே திரும்பப் போவதாக அக்காவிடம் சொல்லியிருந்தான். பிலோமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் பிள்ளைச்சாவடி ஏழுமலை அண்ணன் வந்தார். மீன் வியாபாரி. ஆறு வண்டி வைத்திருக்கிறார். இரண்டில் டர்போ கோளாறு. என் வேனைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்து நின்றார்.

"தம்பி, இது என்னா, டர்போவா? நீயே மாட்டுவியா?"

"மாட்டுவேண்ணே. மாட்டி அட்ஜஸ்ட் பண்ணித் தருவேன்."

"சரி. நாளைக்கு நாலு மணிக்கு வரேன். இந்த வண்டியில நானே ஏறி உக்காந்து பாக்குறேன். லோடோட பாக்கணும், சொல்லிட்டேன். நல்லா இழுத்துச்சுன்னா என் ஆறு வண்டியும் இனிமே உங்கிட்டதான். இழுக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன், மனசுல வச்சிக்காத."

மறுநாள் காலையில் நான் ஷெட்டுக்குக் கிளம்பும்போது பிலோமி வாசல்வரை வந்தாள்.

"ஏங்க, அது என் தம்பி பொழப்பு. அங்க போய் வாய வேணும்னா வைங்க, அதுக்கு அவன் பழகிட்டான். கைய மட்டும் வைக்காதீங்க."

"நான் என்னா சின்னப் புள்ளையா?" என்றேன்.

"சின்னப் புள்ளைன்னா பயமே இல்லையே" என்றாள்.

அதற்கு முன்பே நான் அவளுக்குத் தெரியாமல் பைபிளைத் திறந்து, ஒரு பொருளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அது மாதா சேலைத் துண்டு. எங்கள் கோயிலில் திருவிழா முடிந்து மாதா சுரூபத்துக்குச் சேலை மாற்றும்போது, சாத்தியிருந்த சேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. நீலப் பட்டு, ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஜரிகை. வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதலில் அதை வைத்து ஒற்றிவிட்டுத்தான் பிளக்கைச் சொருகுவோம். மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாம் அப்படி ஒற்றப்பட்டவைதான். (கிரைண்டர் ஒரு மாசத்தில் நின்றுபோனது. அது எங்கள் விசுவாசக் குறைவு.) புது டர்போவையும் ஒற்றிவிட்டு அப்படியே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான் எண்ணம்.

ஷெட்டில் லூர்து புது டர்போவைக் கையில் ஏந்தி வைத்திருந்தான். எண்ணெய் போகிற துவாரத்தில் சொட்டுச் சொட்டாக ஆயிலை ஊற்றி, காற்றாடியை விரலால் மெதுவாகச் சுற்றினான்.

"எண்ணெய் குடிக்காம சுத்துச்சுன்னா ஒரு நிமிஷத்துல செத்துடும் மாமா. ஓட ஆரம்பிச்சா நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல சுத்தும். ஒரு மண்ணு, ஒரு நூலு உள்ள போனாக்கூட காலி."

பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறமாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

லூர்துவிடம் ஒரு சட்டம் உண்டு. எதைக் கழற்றினாலும் திறந்து கிடக்கிற வாயை உடனே துணியால் அடைத்துவிடுவான். சிவப்புத் துணி. முழத்துக்கு ஒரு வால் வெளியே தொங்க வேண்டும். திரும்ப மாட்டும்போது வாலைப் பிடித்து உருவி, ட்ரேயில் போட்டு எண்ணிப் பார்ப்பான். நாலு போட்டால் நாலு திரும்ப வர வேண்டும். "வால் இல்லாத துணி எமன் மாமா. எஞ்சினுக்குள்ள துணிய வச்சு மறந்துட்டு மூடுன ஷெட்டு நெறைய இருக்கு" என்பான். அன்றைக்கும் நாலு வாயில் நாலு சிவப்பு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

பகல் ஒரு மணிக்கு டர்போ உட்கார்ந்துவிட்டது. நாலு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். எண்ணெய்க் குழாய் மாட்டியாயிற்று. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகிற பெரிய குழாய் மட்டும்தான் பாக்கி. அந்தக் குழாயில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்திருந்தது.

"மாமா, நான் வளையம் வாங்கிக்கினு வந்துடறேன். கடைய மூடுறதுக்குள்ள போவணும். நீங்க சும்மா உக்காந்து ஈ எறும்பு போவாம பாத்துக்கோங்க. தொடாதீங்க."

போய்விட்டான். நான், டர்போ, மாதா சேலை, மூன்று பேரும் தனியாக இருந்தோம்.

சட்டைப் பையிலிருந்து சேலையை எடுத்தேன். டர்போவை மேலே, கீழே, பக்கவாட்டில் ஒற்றினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பெரிய குழாயின் வாய் கண்ணில் பட்டது. அதில் அடைத்திருந்த சிவப்புத் துணி ஒரே கிரீஸ். எத்தனை வண்டியைத் துடைத்ததோ. ஒரு நல்ல காரியம் நடக்கப் போகிற வாயில் இந்தக் கந்தலா? மாப்பிள்ளை வந்து வளையத்தை மாட்டுகிறவரை மாதா சேலையே அந்த வாயைக் காக்கட்டுமே என்று தோன்றியது. சிவப்புத் துணியை உருவி ட்ரேயில் போட்டேன். நீலப் பட்டைப் பூப்போல மடித்து உள்ளே வைத்தேன்.

வால்? வால் விட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் விட்டும் பார்த்தேன். மாதாவின் ஜரிகை, எஞ்சின் அழுக்கில், நாய் வால் மாதிரி ஆடியது. என் மனசு கேட்கவில்லை. மரியாதையாக முழுவதையும் மடித்து உள்ளே தள்ளி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து பிலோமி போன் செய்தாள். சாப்பாடு ரெடி, வந்து தம்பிக்கும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று. போனேன். அன்றைக்கு வஞ்சிரம் குழம்பு. நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு கை பார்த்துவிட்டு, கொஞ்சம் படுத்து, லூர்துவுக்கு டிபன் கேரியரோடு வருவதற்கு மூன்றரை ஆகிவிட்டது. வரும்போது என் தலையில் வஞ்சிரம் மட்டும்தான் இருந்தது. தொலைந்த பொருளைக் கண்டெடுத்துக் கொடுக்கிற புனிதர் அந்தோணியார். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள்.

லூர்து எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தான். திரும்பி வந்தபோது பெரிய குழாயில் வால் இல்லை. ட்ரேயில் சிவப்புத் துணி கிடந்தது. நான் உருவிப்போட்டிருப்பேன் என்று நினைத்து (சரிதானே?), மற்ற மூன்றோடும் சேர்த்து எண்ணியிருக்கிறான். நாலு. கணக்கு சரி. வளையத்தை வைத்து கிளாம்பை முறுக்கிவிட்டான்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"எங்க? மிசே தூங்குறாரு."

ஒன்றிலிருந்து நாலு மணிவரை மிசே தூங்குவார். இந்த ஊரில் பாதிக் கடை அந்த நேரத்தில் ஷட்டரை இறக்கிவிடும், அவர் வீட்டைக் கேட்க வேண்டுமா? அந்த நேரத்தில் ஷெட்டில் ஸ்பானர் கீழே விழுந்தாலே ஜன்னல் திறந்து "துஸ்மா! துஸ்மா!" என்று குரல் வரும். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். எஞ்சினை முறுக்கினால் ஷெட்டையே காலி செய்யச் சொல்லிவிடுவார்.

நாலு அடித்தது. வேனைக் கிளப்பினோம். சாந்தமாக உறுமியது. நீலப் புகை சுத்தமாக இல்லை. "துஸ்மா" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. அதே நிமிஷம் ஏழுமலை அண்ணன் வந்து நின்றார். பின்னால் எட்டு பெண்கள். மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுப் பிள்ளைச்சாவடிக்குத் திரும்புகிறவர்கள், காலி அன்னக்கூடையும் அலுமினிய குண்டானுமாக.

"இன்னாண்ணே இது?" என்றான் லூர்து.

"லோடு" என்றார் ஏழுமலை.

லூர்து என்னைத் தனியாக இழுத்தான். "மாமா, நான் மட்டும் ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன். கம்பி நட்ட இன்னும் சரியா வைக்கல."

எனக்கு வஞ்சிரத்தின் தைரியம். எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன். "ட்ரயல் எதுக்கு மாப்ளே? என் மச்சான் லூர்து கை வச்சா வச்சதுதான். ஏறுங்கம்மா எல்லாரும்! ஏறுங்கண்ணே! இன்னைக்கு இந்த வண்டி பறக்கப் போவுது!"

பறந்தது. கோட்டக்குப்பம் வரைக்கும் நெரிசலில் ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டிக் கடற்கரைச் சாலை திறந்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். வேன் ஒருமுறை மூச்சை இழுத்தது. பின்னால் கறுப்பாகப் புகை கிளம்பியது. வேகம் ஏறவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் கறுப்பு. ஐஸ் கட்டி ஏற்றிய ஒரு மொபெட் எங்களை மெதுவாகத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, பாவப்பட்டு, கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பின்சீட்டில் அஞ்சலை என்று ஒரு அம்மா. எட்டு பேருக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார்.

"ஏண்ணே, வண்டிய எழுப்பாம ஓட்டறியா? தூங்கட்டும் பாவம்னு?"

"ஏறும்மா, ஏறும். புது டர்போ இல்ல? கூச்சப்படுது" என்றேன்.

"கூச்சப்பட்டா நாங்க வேணா எறங்கித் திரும்பி நிக்கிறோம்!"

வேன் முழுக்கச் சிரிப்பு. ஏழுமலை அண்ணன் சிரிக்கவில்லை. முன்சீட்டில், என் பக்கத்தில், நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் லூர்து குந்தியிருந்தான். அவன் கையில் ஒரு மீட்டர். டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டர். அதன் ரப்பர் டியூபை டர்போவின் வாயிலேயே மாட்டியிருந்தான்.

"நிறுத்துங்க மாமா."

ஓரம் கட்டினேன். பானட்டைத் திறந்தான். டர்போவில் காற்று அளவுக்கு மேல் ஏறாமல் இருக்க, புகையைத் திருப்பிவிடுகிற ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தக் கதவை இழுக்கிற கம்பியில் ஒரு நட்டு. அதை எத்தனை சுற்று சுற்றுவது என்பதில்தான் மெக்கானிக்கின் கைப்பக்குவம். காற்று இன்னும் ஏறட்டும் என்று லூர்து ஒரு சுற்று முறுக்கினான். கிளம்பினோம். அதே ஆமை. மறுபடி நிறுத்தினோம், இன்னும் ஒன்றரைச் சுற்று. மறுபடி ஆமை. மூன்றாவது தடவை நிறுத்தும்போது அஞ்சலை, "இது வண்டியா, சிலுவைப் பாதையா? இடத்துக்கு இடம் நிக்குது" என்றார். (அவர் இந்து. ஆனால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.)

"டீசல்ல தண்ணி கலந்துடுச்சு போல" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். அது பாவம் என்று தெரியும். பிறகு மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். தாயே, இந்த வண்டியைத் தள்ளிவிடு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அதே ஆமை வேகம். ஒரு பாக்கெட். ஆமைதான். என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. முட்டிக்காலில் வேளாங்கண்ணி மணலில் நடக்கிறேன். மொட்டை போடுகிறேன், பிலோமி சம்மதித்தால். நான் எவ்வளவு கொடுக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, ஆக்ஸிலேட்டரை அவ்வளவு அழுத்தினேன். நான் அழுத்த அழுத்த, மாதா உள்ளே இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைச்சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஏழுமலை அண்ணன் நிறுத்தச் சொல்லி இறங்கினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தம்பி, நீ ஆயில் மாத்து, பிரேக் பாரு. அதெல்லாம் நல்லா பண்றேன்னு சொன்னாங்க. இது பெரிய வேலை. வருத்தப்படாத." சாலைக்குப் போய் ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

லூர்து பானட்டுக்கு அடியிலேயே நின்றிருந்தான். மீட்டரைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே பேசுகிறமாதிரி சொன்னான்.

"முள்ளு மேல போவுது மாமா. அப்போ டர்போ தள்ளுது. ஆனா கறும் புகை வருது. அப்போ எஞ்சினுக்குக் காத்து பத்தல. நடுவுல என்னமோ குந்திக்கினு இருக்கு." பிறகு தலையை ஆட்டினான். "ஆனா துணி நாலும் ட்ரேயில இருக்கு. நானே எண்ணினேன். நடுவுல ஒண்ணும் இருக்க முடியாது."

நடுவில்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் வெற்றிலைக் காம்பு ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

முதலில் என்ன நினைத்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்கும் நிம்மதி. "இப்போ சொல்லாதே. வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போ. லூர்து சாப்பிடப் போகும்போது நீயே கழற்றி எடுத்துவிடு. யாருக்கும் தெரியாது" என்று நினைத்தேன். அத்தனை ஜெபம் சொன்ன அதே மனசுதான் இதையும் சொன்னது.

லூர்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். "நாளைக்கே பழைய மொதலாளிகிட்ட போய்டறேன் மாமா. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குத்தான் இன்னும் வேலை சரியா வரல" என்றான்.

ஷேர் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. ஏழுமலை ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். நான் ஓடினேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைக் கத்தினேன்.

"அண்ணே! நில்லுங்கண்ணே! உள்ள மாதா இருக்காங்க!"

சாலையே நின்றது. வேன் ஜன்னலில் எட்டுத் தலைகள். "யாரு இருக்காங்க?" என்றார் அஞ்சலை.

சொன்னேன். நடுரோட்டில், வெயிலில், மீன் கூடைகளுக்கு முன்னால், பைபிளிலிருந்து எடுத்தது முதல் வஞ்சிரம் குழம்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் கூண்டுக்குள் முட்டிபோட்டு சாமியாரிடம்கூட நான் அவ்வளவு விவரமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை.

லூர்து ஸ்குரூ டிரைவரை எடுத்து கிளாம்பைத் தளர்த்தினான். பெரிய குழாய் போய்ச் சேருகிற இடத்தில், சூடான காற்றைக் குளிரவைக்க ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதன் முகத்தில் முழுவதுமாக விரித்துப் போர்த்தியமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது நீலப் பட்டு. அவன் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். ஜரிகை பளபளவென்று வெளியே வந்தது. இவ்வளவு நடந்தும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. (எண்ணெய்க் கறை மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு.)

அஞ்சலை வேனிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆத்தா, உன்ன உள்ள வச்சு அடைச்சிட்டு, உன்னையே வந்து தள்ளச் சொன்னானா இந்த மனுசன்?" என்றார். அவ்வளவுதான். ஏழுமலை அண்ணன் சாலையோரத்தில் அப்படியே குந்திவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, "அண்ணே, மொதல்லேந்து சொல்லுங்க" என்றார்.

லூர்து மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"ஏன் மாமா வால் விடல?"

"மாதா சேலையாச்சே மாப்ளே. வால் மாதிரி எப்படித் தொங்கவிடறது?"

அவனும் அதே கோயில்தான், அதே மாதாதான். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறான் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

குழாயை மாட்டினான். மூன்று தடவையாக எத்தனை சுற்று முறுக்கினானோ, அத்தனையையும் ஞாபகமாகத் திரும்பத் தளர்த்தினான். இந்த முறை அவனே ஓட்டினான். என்னை அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவன் ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்டது. வேன் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளினமாதிரி பாய்ந்தது. எட்டு கூடையும் குண்டானும் உருண்டன.

"யோவ், மெதுவா போய்யா! ஆத்தா வெளிய வந்த கோவத்துல இருக்கா!" என்று கத்தினார் அஞ்சலை.

பிள்ளைச்சாவடியில் இறங்கியதும் ஏழுமலை அண்ணன் லூர்துவின் தோளில் கை வைத்தார். "தோ பாரு தம்பி. பிரிக்காமலே, முள்ளப் பாத்தே, நடுவுல என்னமோ குந்தியிருக்குன்னு சொன்ன பாரு. வண்டியாண்ட நின்னுக்கினு நீ பேசினது என் காதுல விழுந்துச்சு. தப்பு உன்னுதுன்னு நீயே ஏத்துக்கினதையும் கேட்டேன். ஆறு வண்டியும் நாளைக்கே கொண்டாரேன். ஒரே ஒரு கண்டிஷன்."

என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"என் வண்டி தொறந்து கெடக்கறப்போ இந்த அந்தோணி பத்து அடிக்குள்ள வரக் கூடாது."

லூர்துவின் ஷெட் இப்போது மிசே வீட்டுப் பின்கட்டு முழுவதையும் பிடித்துவிட்டது. தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு ஸ்டூல். நான் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டினால் போதும், ஜன்னலிலிருந்து "துஸ்மா!" என்று குரல் வரும். அந்த மனிதர் இப்போதெல்லாம் பகலில் தூங்குவதே இல்லை, எனக்காகத்தான் விழித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், டிவியில் படம் வராவிட்டாலும், பிள்ளைகளில் யாராவது ஒருவர், "மொதல்ல அப்பாவோட சட்டைப் பையப் பாருங்க" என்பார்கள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் வெகுநேரம் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிலோமி அன்றைக்கே சேலைத் துண்டை மூன்று தடவை அலசிக் காயவைத்தாள். கறை போகவில்லை. மறுநாள் தம்பியிடம் ஒரு சிவப்புத் துணி கேட்டு வாங்கி வந்தாள். தையல் மிஷின் முன் உட்கார்ந்து, அந்த நீலப் பட்டின் ஓரத்தில், ஜரிகைக்குப் பழுது வராமல், முழத்துக்கு ஒரு வால் வைத்துத் தைத்தாள்.

"மாதா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க" என்றாள். "அவங்களும் குடும்பம் நடத்தினவங்கதானே, அவங்களுக்குத் தெரியும்."

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம். மாதா படத்துக்குக் கீழே பைபிள். பைபிளுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு வால் தொங்கும். அது என்ன என்று கேட்காத விருந்தாளி இல்லை. பிலோமி சொல்லாமல் விட்ட விருந்தாளியும் இல்லை. அவள் கதையை ஆரம்பித்தாலே நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். அடுப்பங்கரையில் புதிதாக ஒரு மிக்ஸி வந்திருக்கிறது. அதை நான் தொடக் கூடாது.